ஆறு குதிரைகளும் ஒரு விரல் அகலப் பத்தியும்

“ஏம்மா, குதிரைன்னா ஒனக்கு பயமா?”

சங்கரன்கோவில் பஞ்சாயத்து போர்டு ஆபீசில் தற்காலிக குமாஸ்தாவாக நான் சேர்ந்த அன்று, எக்ஸிகியூட்டிவ் ஆபீசர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. எல்லாரும் அவரை இ.ஓ. என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். வீட்டு வரி, பிறப்பு இறப்புப் பதிவு, தெருவிளக்கு என்று என்னவெல்லாம் கேட்பாரோ அதையெல்லாம் படித்துக்கொண்டு போயிருந்தேன். குதிரையைப் பற்றிப் படிக்கவில்லை.

“பழக்கம் இல்லை சார்” என்றேன்.

“அப்ப பயம் இல்லைன்னு வச்சுக்கிடுதேன்” என்று ஒரு கோப்பை என் பக்கம் தள்ளினார்.

போர்டு ஆபீசுகளில் இப்போது படித்த பெண்கள் ஒன்றிரண்டு பேர் சேர ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பயன்படாமலும் போகலாம். அதையும் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

1. கோப்பில் இருந்தது

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். எங்கள் ஊரைச் சுற்றி பஸ் ஓட ஆரம்பித்ததும் குதிரை வண்டிக்கு ஆள் குறைந்துவிட்டது. தீனி போட முடியாத வண்டிக்காரர்கள் சிலர் தங்கள் மட்டக்குதிரைகளைக் குளத்துப் புறம்போக்கில் விட்டுவிட்டுப் போனார்கள். அவை அங்கேயே மேய்ந்தன, அங்கேயே குட்டி போட்டன. குட்டிகள் கடிவாளத்தைக் கண்ணால் கண்டதில்லை. நான் சேர்ந்தபோது மொத்தம் ஆறு. காது கிழிந்த சாம்பல் நிறக் குதிரை ஒன்றுதான் அவற்றுக்குத் தலைமை. ஆறையும் தன்னுடையவை என்று சொல்ல யாரும் இல்லை. சொன்னால் அவை செய்த நாசத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

கோப்பில் பாதிக்கு மேல் நெசவாளர் தெருவிலிருந்து வந்த மனுக்கள். விடியற்காலையில் அந்தத் தெருவில் பாவு நீட்டுவார்கள். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, சோற்றுக் கஞ்சியைப் பூசி, காய்வதற்குள் இழை இழையாகத் தேய்ப்பார்கள். குதிரைகளுக்கு அந்தக் கஞ்சியின் வாசனை பிடித்துப்போயிற்று. இரண்டு பக்கமும் வரிசையாக நின்று பாவை நக்குமாம். நக்கினால்கூடப் பரவாயில்லை, மெல்லுகின்றன என்று எழுதியிருந்தார்கள்.

இ.ஓ. சுருக்கமாகச் சொன்னார். “கோயில்ல ஆடித்தபசுக்குக் கொடி ஏறும்போது ஊருக்குள்ள ஒரு குதிரை நிக்கக்கூடாது. நின்னா, நீ நிக்க மாட்டே.”

அது மிரட்டல் அல்ல, கணக்குதான். என் ஆறு மாத நியமனம் ஆடியில் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று அவர் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் மேலே முடிவு செய்வார்கள். என் கணவர் பனவடலிசத்திரத்தில் வாத்தியார். காலையில் சைக்கிளில் போனால் பொழுது சாயத்தான் வருவார். மகள் கோமதிக்கு அப்போது ஒன்றரை வயது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள். அவளுக்கு முடியாத நாட்களில் குழந்தையும் என்னோடு ஆபீசுக்கு வரும்.

அன்று மாலையே சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். திரியும் மாடுகளை அடைக்கும் சட்டத்தில் ‘மாடு’ என்றால் குதிரை, கழுதை, ஒட்டகம், யானை எல்லாம் அடக்கம் என்று போட்டிருந்தது. யானை என்ற இடத்தில் கொஞ்ச நேரம் கண் நின்றது. நம் ஊரில் அது நடக்காது என்று பக்கத்தைத் திருப்பினேன்.

2. கோமதி குடிக்காத கஞ்சி

முதலில் தப்படித்து விரட்டிப் பார்த்தோம். குதிரைகள் ஊருக்கு வெளியே போகும் என்பது என் திட்டம். அவை நேராக ரதவீதிக்குள் பாய்ந்தன. மேற்பார்வைக்கு வந்திருந்த இ.ஓ. ஒரு வெற்றிலைக் கடைக்குள் குதித்து, வாழைத்தார் பக்கத்தில் நின்றார். கடைக்காரர், “சார் வாங்க, என்ன வேணும்?” என்று கேட்டதை ஊர் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது. சிரித்தவர்களை நான் கணக்கெடுக்கவில்லை. என்னைப் பார்த்தபோது இ.ஓ. மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் கோமதியை ஆபீசுக்குக் கொண்டுவந்திருந்தேன். வராந்தாவில் வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் வாயைத் திறக்க மாட்டாள். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, காக்காய் காட்டுவதற்காக அவளைத் தூக்கித் திரும்பினேன். பின்னால் சர்ரென்று ஒரு உறிஞ்சும் சத்தம். திரும்பிப் பார்த்தால் காது கிழிந்த சாம்பல் குதிரை. கிண்ணம் காலி. கோமதி கைதட்டினாள்.

நான் அலறியதில் பியூன் பரமசிவம் ஓடிவந்தார். பவுண்டும், அதாவது பிடிபட்ட மாடுகளை அடைக்கும் மதில் கட்டிய இடமும், அவர் பொறுப்புதான்.

“அம்மா, கடிச்சிட்டா?”

“கஞ்சியைக் குடிச்சிட்டுது.”

“அப்ப எதுக்கு இந்தச் சத்தம்? ஒங்க பிள்ள குடிக்கலன்னாலும் அதாவது குடிச்சுதே.”

அந்தக் கிண்ணத்தை மூன்று தடவை வெந்நீரில் போட்டு எடுத்தேன். பிறகு மனசு கேட்காமல் பரமசிவம் வீட்டு நாய்க்குக் கொடுத்துவிட்டேன். என்னிடம் ஒரு நோட்டு உண்டு. கோமதி இருமினால், விழுந்தால், சாப்பிட மறுத்தால் அதில் எழுதிவைப்பேன், டாக்டர் கேட்டால் சொல்வதற்கு. அன்று ‘குதிரை எச்சில் அருகில் இருந்தாள்’ என்று எழுதினேன். அவள் கைதட்டியதை எழுதவில்லை. அதற்கு டாக்டர் எதற்கு?

எழுதி முடித்து மூடியபோதுதான் தோன்றியது. விரட்டினால் ஓடுகிறது, கஞ்சி என்றால் தானாகவே வருகிறது. அப்படியானால்? இ.ஓ.வுக்குக் குறிப்பு எழுதி, கிழித்து, மறுபடி எழுதி, கடைசியில் வாயாலேயே சொன்னேன்.

3. பாவு ஊர்வலம்

நெசவாளர் தெருத் தலைவர் குருசாமி அண்ணாச்சி ஒரு பழைய பாவு கொடுத்தார். ஏற்கெனவே குதிரை மென்றது, நெய்ய உதவாது. அதைக் கஞ்சியில் ஊறவைத்து, இரண்டு முனையையும் இரண்டு பேர் தோளில் போட்டு, புறம்போக்கிலிருந்து பவுண்டை நோக்கி மெதுவாக நடந்தார்கள். ஐந்து குதிரைகளும் இரண்டு பக்கமும் அணைந்து, தலையைக் குனிந்து, மென்றுகொண்டே வந்தன. சாம்பல் மட்டும் பத்து அடி பின்னால் சந்தேகத்தோடு வந்தது. தெருவே வாசலில் நின்றது.

“கல்யாண ஊர்கோலம் கணக்கால்லா இருக்கு! மாப்பிள்ள எங்கவே?”

“பின்னால வாராம்லா, காதறுந்த மாப்பிள்ள. பொண்ணு பிடிக்கலயாம், மொறப்பா இருக்கான்.”

பவுண்டு வாசலில் ஐந்தும் உள்ளே போய்விட்டன. சாம்பல் நின்றுவிட்டது. பரமசிவம் என்னைப் பார்த்தார். “அம்மா, அது ஒங்க கைக் கிண்ணம் கண்டது. நீங்க வச்சாத்தான் வரும்.”

கடித்தால் எந்தக் கையைக் கடிக்கும், வலது கையானால் பதிவேட்டை யார் எழுதுவது என்றெல்லாம் யோசித்துக்கொண்டே, அவர் கொடுத்த கஞ்சிக் கிண்ணத்தை இடது கையில் நீட்டியபடி பின்னால் பின்னால் நடந்தேன். அது வந்தது. கதவு மூடியது. கதவுக்கு உள்பக்கம் நானும் இருந்தேன் என்பதைப் பரமசிவம் தாழ்போட்ட பிறகுதான் கவனித்தார்.

4. அங்க அடையாளம்

என் தவறு இங்கேதான் ஆரம்பம். குதிரைகள் எதுவும் செய்யவில்லை.

அடைத்த விலங்குகளைச் சொந்தக்காரர் மீட்க வராவிட்டால் ஏலம் போட வேண்டும். அதற்கு முன் பதிவேட்டில் நிறம், வயது, அங்க அடையாளம் எழுத வேண்டும். அங்க அடையாளப் பத்தி ஒரு விரல் அகலம். எனக்குக் குதிரையில் முன்பக்கம் பின்பக்கம் தெரியும், அவ்வளவுதான். ஆகவே பழைய வண்டிக்காரர் வேலாண்டி அண்ணாச்சியைக் கூப்பிட்டோம்.

அவர் ஒவ்வொரு குதிரையையும் தடவித் தடவிச் சுழி பார்த்தார். உடம்பில் முடி எங்கெங்கே சுழிக்கிறதோ அதை வைத்து வாங்குகிறவனுக்கு நல்லதா கெட்டதா என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். மாட்டுக்கும் பார்ப்பார்கள், குதிரைக்கும் பார்ப்பார்கள். சுழி கேட்காமல் கன்றுக்குட்டிகூட வாங்க மாட்டார்கள்.

“இந்தச் செவலைக்கு முதுகுல பாடைச் சுழி. வாங்குதவன் வீட்டுல எழவு விழும். இதுக்கு முன்னங்கால்ல வெலங்குச் சுழி. வாங்குனவன் ஜெயிலுக்குப் போவான். இந்தக் கருப்பிக்கு எறங்குபூரான், பூரான் கீழ எறங்குத மாதிரி சுழி. குடும்பம் கீழ எறங்கும். அப்புறம் எழுது தாயி, இதுக்கு நெஞ்சுல…”

அவர் ஒரு மணி நேரம் சொன்னார். பத்தியோ ஒரு விரல். எதை எழுதுவது, எதை விடுவது? பச்சைக் குழந்தை இருக்கிற ஒரு வீட்டுக்குப் பாடைச் சுழிக் குதிரை போகிற காட்சி என் கண்முன் வந்தது. அந்தத் தாய் நாளைக்கு வந்து, “ஏன் சொல்லலை?” என்று கேட்டால்? கெடுதலை மறைக்கக்கூடாது. கெட்டதை எல்லாம் பொடி எழுத்தில் எழுதினேன். இடம் தீர்ந்தது. மூன்று முறை சரிபார்த்தேன். ஒன்றும் விடவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

அதையே நோட்டீசாகவும் நகல் எடுத்தேன். பரமசிவம் தெருத் தெருவாகத் தமுக்கடித்து வாசித்தார். “இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், பாடைச் சுழி உள்ள செவலைக் குதிரை ஒன்று, விலங்குச் சுழி உள்ள வெள்ளைக் குதிரை ஒன்று…”

5. வராத ஏலம்

ஏலத்துக்குக் கூட்டம் வந்தது. சந்தைக்கு வந்தவர்கள், கடையநல்லூரிலிருந்து ரயிலில் வந்தவர்கள், குருசாமி அண்ணாச்சியும் தெரு ஆட்களும். இ.ஓ. எழுந்து, “செவலைக் குதிரை!” என்றார்.

ஒருவரும் விலை கேட்கவில்லை.

“கேளுங்கய்யா, யாராவது கேளுங்க.”

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு பாடைச் சுழி இருக்கு சார். எம் மச்சினன். அவனுக்கே தீனி போட்டு முடியல.”

“வெலங்குச் சுழியப் போலீஸ் ஸ்டேஷனுக்கே குடுத்துருங்க சார், அவியளுக்குத் தோதா இருக்கும்.”

ஆறு குதிரைக்கும் அதே கதை. கூட்டம் சிரித்துவிட்டுக் கலைந்தது. குதிரைகள் வைக்கோல் போருக்கும் என் மானத்துக்கும் நடுவில் நின்று நிதானமாக மென்றன.

இ.ஓ. நோட்டீசைக் கையில் எடுத்து ஒருதரம் முழுக்கப் படித்தார். “ஏம்மா, நீ குதிர விக்க நோட்டீஸ் எழுதுனியா, சாவுக்கு ஓலை எழுதுனியா?”

“உண்மையைத்தான் எழுதினேன் சார்.”

“கொடியேத்தத்துக்கு இன்னும் ஒம்பது நாள். இதுக்குள்ள இதுக போகணும்.” மீதி எனக்குத் தெரியும்.

பரமசிவம் பரிவோடு ஒரு வழி சொன்னார். “அந்தப் பத்தி மேல இங்கி பாட்டிலச் சாச்சிருங்கம்மா. பிள்ள தட்டிவிட்டுட்டுன்னு சொல்லிக்கிடலாம்.”

வெட்கத்தோடு எழுதுகிறேன், மூடியைத் திறக்கும் வரை போனேன். எதிரே கோமதி உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் பழி போடுவதா? மூடிவிட்டேன். அப்புறம் ஒருவேளை லேசாகச் சாய்த்திருக்கலாமோ என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்தேன்.

6. இரட்டைச் சுழி

மறுநாள் பவுண்டுக்குப் போனேன். வேலாண்டி அண்ணாச்சி, சும்மா இருக்க முடியாமல், கருப்பிக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். என் இடுப்பில் கோமதி. அவர் அவள் தலையைத் தடவிவிட்டு, “ரெட்டைச் சுழியால்லா!” என்றார்.

பிறந்த அன்றே எல்லாரும் சொன்னார்கள்: இரட்டைச் சுழி, பெரிய சேட்டைக்காரியாக வருவாள், இன்னும் என்னென்னவோ. நோட்டின் முதல் பக்கத்திலேயே அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

“கெடுதலா அண்ணாச்சி?”

“ஒண்ணு சேட்டைக்கு. இன்னொண்ணு எதுக்குன்னு யார்ட்டயாவது கேட்டியா?”

“இல்லையே.”

“அது புத்திக்கு. ரெண்டும் சேந்துதான் ஒரு தல. நீ ஒத்தச் சுழியப் பாத்தே பயந்துக்கிட்டு இருந்திருக்க.” அவர் குதிரையின் கழுத்தைத் தட்டினார். “இவளுக்கும் அதான பண்ணுன. எறங்குபூரான எழுதுன, சரி. நெஞ்சுல ஏறுபூரான் இருக்குன்னு அன்னைக்கே சொன்னேனே, அத எங்க? ஏறுபூரான் இருந்தா எறங்குபூரான் பல்லப் பிடுங்குன பாம்பு. செவலைக்கு நெத்தியில கோபுரச் சுழி. வெள்ளைக்கு லெச்சுமி சுழி. ஒரு மணி நேரம் தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேன். நீ எழுதுதன்னுல்லா நெனச்சேன்.”

“இடம் இல்லை அண்ணாச்சி. ஒரு விரல் பத்தி.”

“கெட்டதுக்கு மட்டும் எடம் இருந்துதாக்கும்?”

நான் பொய் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் எழுதியது உண்மையும் இல்லை. நல்லதால் யாருக்கும் ஆபத்து இல்லையே, அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று என் பேனா தானாகவே தாண்டிப் போயிருக்கிறது.

அன்று முழுவதும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பத்தி தீர்ந்த இடத்தில் ‘தொடர்ச்சி இணைப்பில்’ என்று போட்டு, தனித்தாள் ஒட்டி, ஒவ்வொரு தாளிலும் இ.ஓ.விடம் கையெழுத்து வாங்கினேன். நல்லதை முதலில் எழுதினால் விற்பதற்காக எழுதியது போல் இருக்கும், கெட்டதை முதலில் எழுதினால் பழைய கதைதான். ஆகவே தலையில் ஆரம்பித்து வால்வரை எந்தச் சுழி வருகிறதோ அந்த வரிசையில் எழுதினேன். நோட்டீஸ் நான்கு தாள் ஆயிற்று.

பரமசிவம் புலம்பினார். “இது தமுக்கா, புராணமா? ஒரு தெருவுல வாசிச்சு முடிக்கதுக்குள்ள அடுத்த தெருக்காரன் சாப்பிட்டுத் தூங்கிருவான்.”

யாரும் தூங்கவில்லை. ஒவ்வொரு முக்கிலும் கூட்டம் கூடி, எந்தச் சுழியை எந்தச் சுழி அடிக்கும் என்று சண்டை போட்டது. கோபுரச் சுழி பாடைச் சுழியை அடிக்கும் என்று ஒரு கட்சி. பாதிதான் அடிக்கும் என்று இன்னொரு கட்சி. சரிபார்க்க ஆட்கள் பவுண்டுக்கே வந்து குதிரைகளைத் தடவிப் பார்த்தார்கள். தடவத் தடவக் குதிரைகளும் மனிதருக்குப் பழகின.

7. இரண்டு தோள்

இரண்டாவது ஏலத்தில் முதலில் கேட்டவர் கடையநல்லூர் குதிரை வண்டிக்காரர் ஒருவர்; எல்லாரும் அவரை மீரான் பாய் என்றார்கள். நோட்டீசை முழுதும் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எங்கள்ல சொல்லுவாங்கம்மா. மனுசனுக்கு ரெண்டு தோள்லயும் ரெண்டு மலக்கு இருக்காங்க, வானவரு. ஒருத்தர் நல்லதை எழுதுதாரு, ஒருத்தர் கெட்டதை எழுதுதாரு. போன தடவை நீங்க ஒரு தோளை மட்டும் கூப்பிட்டுட்டீங்க போல.”

செவலையையும் வெள்ளையையும் அவர் எடுத்தார். கருப்பியும் மற்ற இரண்டும் ஆளுக்கொன்றாகப் போயின. கடைசியில் சாம்பல். அதற்கு நல்லது கெட்டது இரண்டும் ஒன்றரைத் தாள். வெளியூர்க்காரர் ஒருவர் வாய் திறந்ததும் குருசாமி அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

“எங்க தெருவுக்கு!”

இ.ஓ. திகைத்தார். “வே, இத ஒழிக்கணும்னு பதினோரு மனு குடுத்தது நீருல்லா?”

“ஆமா சார். எங்க பாவுல பாதி அவன் வயித்துலதான் இருக்கு. அத வெளியூருக்கு அனுப்புவமா? ஸ்டேஷன்லேருந்து நூல் மூட்டை சுமக்கட்டும். தின்ன கஞ்சி செரிக்கணும்லா.”

கொடி ஏறியபோது புறம்போக்கில் ஒரு குதிரையும் இல்லை.

ஆனால் என்னைப் பற்றிய அறிக்கை பாக்கி இருந்தது. தபசு முடிந்த வாரம் இ.ஓ. கூப்பிட்டார். அவர் எழுதிய அந்த அறிக்கை மேசையில் கிடந்தது. தலைகீழாகத் தெரிந்தாலும் படிக்க முடிந்தது. குழந்தையை ஆபீசுக்குக் கொண்டுவந்தது. ரதவீதியில் ஏற்பட்ட கலவரம். முதல் ஏலம் தோற்றது. எல்லாம் உண்மை. அதற்குக் கீழே அவர் கையெழுத்துப் போடப் போனார்.

நான் ஒரு மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசினவள் அல்ல. பேசலாமா, பேசினால் என்ன ஆகும், பேசாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் பேசிவிட்டது.

“சார், ஒரு தோள்தான் எழுதியிருக்கு.”

அவர் பேனாவை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அறிக்கையைப் பார்த்தார். வெற்றிலைக் கடை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் எதிரில் சிரித்தார். பிறகு கீழே ஒரு வரி சேர்த்தார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. நியமனம் நீட்டிக்கப்பட்டது, அடுத்த வருஷம் நிரந்தரமும் ஆயிற்று.

அந்த வரியைப் பிற்பாடு என் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்தேன்: ‘குதிரைகளைச் சமாளிக்கத் தெரிந்தவர்.’

எந்த விவரத்தை எழுதினாலும் கெட்டதை மறைக்காதீர்கள். ஆனால் அதோடு நிறுத்திவிட்டு, உண்மையை எழுதினேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லாதீர்கள். பத்தி சிறியது என்றால் தாள் ஒட்டுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கோமதிக்கு இப்போது ஐந்து வயது. அவளுடைய நோட்டிலும் தாள் ஒட்டியிருக்கிறேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக் கைதட்டிய நாளை, தாமதமாகத்தான், அதில் சேர்த்தேன்.

போன வாரம் புது இ.ஓ. பொறுப்பேற்றார். என் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு ஒரு கோப்பை எடுத்து, மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

“ஏம்மா, யானைன்னா ஒங்களுக்கு பயமா?”

கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“அங்க அடையாளம் எழுத எவ்வளவு இடம் இருக்கு சார்?”